அணிக் கணிப்புகளில் விடுபடுவது என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்து பிரீமியர் லீக் தொடங்கும் ஒவ்வொரு ஆகஸ்டிலும் விளையாட்டுப் பக்கங்களில் அணிக் கணிப்புகள் வருகின்றன. போன முறை எத்தனையாவது இடம், இந்த முறை எவ்வளவு கொடுத்து யாரை வாங்கினார்கள் என்பதோடு பெரும்பாலானவை நின்றுவிடுகின்றன. போன சீசனின் கோல்கள் எப்படி வந்தன, அவற்றுக்குக் காரணமானவர்கள் இந்த முறையும் களத்தில் இருப்பார்களா என்று பார்க்காமல் எழுதும் கணிப்பு வாசகருக்கு உதவாது.

புள்ளிகளைவிடக் கோல் வித்தியாசத்தை, அதாவது அடித்த கோலுக்கும் வாங்கிய கோலுக்கும் உள்ள வித்தியாசத்தை, நம்பலாம். வெற்றிக்கு 3, டிராவுக்கு 1 புள்ளி. 38 ஆட்டங்களில் கால்வாசி டிராவில் முடியும் என்று கொண்டால், சராசரி அணிக்குச் சுமார் 52 புள்ளி வரும். கோல் வித்தியாசம் பிளஸ்ஸில் இருந்தால் கோலுக்கு 0.65 புள்ளி வீதம் கூட்ட வேண்டும், மைனஸில் இருந்தால் கழிக்க வேண்டும். மான்செஸ்டர் யுனைடெட் 2023-24இல் 57 கோல் அடித்து 58 வாங்கியது. கணக்குப்படி 51 புள்ளி வந்திருக்க வேண்டும். கிடைத்ததோ 60, எட்டாம் இடம். இப்படிக் கூடுதலாக வந்த 9 புள்ளி அடுத்த ஆண்டும் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. 2024-25இல் அதே அணி 42 புள்ளியுடன் 15ஆம் இடத்துக்கு இறங்கியது. சீசன் நடுவில் பயிற்சியாளர் மாறினார், புதியவரின் மூன்று சென்டர் பேக் (நடுத் தற்காப்பு வீரர்) முறைக்குப் பொருத்தமான விங் பேக்குகள் (ஓரத்தில் முன்னும் பின்னும் ஓடி ஆடுபவர்கள்) அணியில் இல்லை. இவையும் காரணங்கள்தான். ஆனால் எட்டாம் இடம் அந்த அணியின் உண்மையான தரம் அல்ல என்பது சீசன் தொடங்கும் முன்பே தெரிந்த விஷயம்.

பிரைட்டன் இதற்கு நேர்மாறு. 2020-21இல் 41 புள்ளி, 16ஆம் இடம். பட்டியலைப் பார்த்தவர்கள் அடுத்த முறை கீழ் லீக்குக்கு இறங்கிவிடும் என்றார்கள். எக்ஸ்ஜி பார்த்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை. அடித்த இடம், கோண அளவு, தலையா காலா என்பவற்றை வைத்து ஒவ்வொரு ஷாட்டும் கோலாகும் வாய்ப்பை 0 முதல் 1 வரை மதிப்பிடுவது எக்ஸ்ஜி. பெனால்டிக்கு ஏறத்தாழ 0.78. உருவாக்கிய வாய்ப்பு, கொடுத்த வாய்ப்பு இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அன்றைய பிரைட்டன் மேல் பாதியில் இருக்க வேண்டிய அணி. அடுத்த சீசனில் 51 புள்ளியுடன் ஒன்பதாம் இடம் பிடித்தது. இந்தக் கணக்கில் பெனால்டிகளைத் தனியே கழித்துவிட வேண்டும். பத்துப் பெனால்டி கிடைத்த அணிக்கு அடுத்த ஆண்டு நான்குதான் கிடைக்கலாம்.

கோல் கணக்குக்குப் பிறகு நிமிடக் கணக்கு. என் பார்வையில் கணிப்புகள் அதிகம் தவறுவது இங்கேதான். ஓர் அணியின் 11 இடங்களுக்கும் சேர்த்து ஒரு சீசனில் 37,620 நிமிடங்கள் (38 × 90 × 11). அதில் எத்தனை நிமிடங்கள் ஆடியவர்கள் விலகிவிட்டார்கள்? வேறு அணியிலிருந்து கடனாக வந்து ஆடித் திரும்பிப் போனவர்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். ஷெஃபீல்ட் யுனைடெட் 2019-20இல் 39 கோல் அடித்து 39 வாங்கி, 54 புள்ளியுடன் ஒன்பதாம் இடத்தில் முடித்தது. முன் சொன்ன கணக்கில் அந்த 54 புள்ளி நியாயமானதுதான். ஆனால் கோல்கீப்பர் டீன் ஹெண்டர்சன் கடனாக வந்தவர், அவர் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குத் திரும்பினார். விங் பேக்கைத் தாண்டி வெளிப்பக்கமாக ஓடி முன்னேறும் இடதுகால் சென்டர் பேக் ஜாக் ஓ'கானல், 2020-21இல் இரண்டு லீக் ஆட்டங்களோடு முழங்கால் காயத்தால் வெளியேறினார். தாக்குதலின் பாதியே அந்த ஓட்டத்தில் இருந்தது, மாற்று ஆள் இல்லை. 20 கோல், 23 புள்ளி, கடைசி இடம். ஓர் அணியின் ஆட்ட முறை ஒரே ஒரு வீரரின் தனித் திறமையை நம்பி நிற்கிறதா என்ற கேள்வியைக் கணிப்பு எழுதுபவர் கட்டாயம் கேட்க வேண்டும். பட்டம் வென்ற லெஸ்டரை விட்டு 2016இல் என்கோலோ கான்டே செல்சிக்குப் போனபோதும் இதைக் கேட்டிருக்க வேண்டும். அடுத்த சீசனில் லெஸ்டர் 12ஆம் இடம், செல்சி சாம்பியன்.

செல்சிக்கு அந்த ஆண்டு இன்னொரு வசதி இருந்தது. முந்தைய சீசனில் பத்தாவதாக முடித்ததால் ஐரோப்பிய ஆட்டங்களே இல்லை. வாரம் முழுக்கப் பயிற்சி. நியூகாசிலுக்கு நேர்ந்தது இதன் மறுபக்கம். 2022-23இல் 71 புள்ளியுடன் நான்காவது, அடுத்த ஆண்டு வார நடுவில் ஐரோப்பியப் போட்டியான சாம்பியன்ஸ் லீக், காயப் பட்டியல் நீண்டது, 60 புள்ளியுடன் ஏழாவது. 2024-25 முதல் சாம்பியன்ஸ் லீக் முதல் கட்டத்தில் ஆறுக்குப் பதில் எட்டு ஆட்டங்கள். எனவே முதல் பதினொருவரைவிட 12 முதல் 18 வரையிலான வீரர்களைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும். இரண்டு சென்டர் பேக்குகளும் சேர்ந்து காயப்பட்டால் யார் ஆடுவார் என்ற ஒரே கேள்வியில் பல அணிகளின் நிலை வெளிப்பட்டுவிடும்.

நட்பு ஆட்ட முடிவுகளுக்கு இடம் ஒதுக்க வேண்டியதில்லை. கடைசி இரண்டு நட்பு ஆட்டங்களில் முதல் 60 நிமிடம் யார் எந்த இடத்தில் ஆடினார்கள் என்று மட்டும் குறித்தால் போதும். கார்னர் (மூலை உதை) யார் அடித்தார் என்பதையும் சேர்த்து. ஆர்சனல் 2023-24இல் கார்னரிலிருந்து மட்டுமே 16 கோல் அடித்தது. அந்த உதை அடிப்பவரோ, அதற்கான பயிற்சியாளரோ மாறினால் அந்தக் கோல்களும் சந்தேகத்துக்குரியவை.

மேலேறி வரும் அணிகளுக்குக் கீழ் லீக்கின் எண்களை அப்படியே பொருத்தக் கூடாது. 2023-24, 2024-25 இரண்டிலும் மேலே வந்த மூன்று அணிகளும் அந்த ஆண்டே திரும்ப இறங்கின.

தங்கள் பக்கத்தில் ஒவ்வொரு அணிக்கும் ஒரு சிறு கட்டம் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்: பெனால்டி நீங்கலாகக் கோல் வித்தியாசம், அதே ஆட்டங்களின் எக்ஸ்ஜி வித்தியாசம், விலகியவர்களின் நிமிடச் சதவீதம், டிசம்பர் முடியும்வரை வார நடுவில் வரும் ஆட்டங்கள். ஆகஸ்டில் எழுதும் கணிப்பை, வீரர் இடமாற்றக் காலம் முடிந்த மறுநாள் ஒருமுறை திருத்தியும் வெளியிடுங்கள். சீசன் தொடங்கிய பிறகும் முக்கிய வீரர்கள் விலகுகிறார்கள். முதல் கணிப்பையே மே மாதம் வரை வைத்திருந்தால், அணியில் இல்லாதவரை நம்பி எழுதியதாகிவிடும்.

இப்படிக்கு,
கால்பந்து வாசகர் ஒருவர்