ஆயாம்மா நினைவுக் கூடத்துக்கு இன்னும் 17,350 ரிங்கிட் தேவை

அன்புடையீர், வணக்கம்.

அம்மன் அருளால் சுவர் எழும்பிவிட்டது. கூரைக்குத்தான் பணம் இல்லை. கோயிலுக்குப் பின்னால் நாம் கட்டிவரும் பாலர் பள்ளிக் கூடத்தின் நிலைமை இது. பேசிய விலை நவம்பர் 30 வரைதான் என்று குத்தகையாளர் சொல்லிவிட்டார். மழையும் பிடித்துக்கொண்டது. ஜனவரியில் பிள்ளைகள் உள்ளே உட்கார வேண்டும்.

கடந்த மாசியில் 93 வயதில் நம்மைவிட்டுப் போன, தோட்டத்துப் பிள்ளைகளை வளர்த்த ஆயாம்மாவின் பெயரில்தான் இந்தக் கூடம். வெளியூரில் வளரும் பிள்ளைகளுக்காக அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1932இல் பேராக்கில் உள்ள சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். ஆடு மாடு மேய்த்து வளர்ந்தார். ஜப்பான்காரன் காலத்தில் அப்பாவைச் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போடக் கொண்டு போனார்கள். நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் மடிந்த அந்தப் பாதையிலிருந்து அவரும் திரும்பவில்லை. வீட்டில் மரவள்ளிக்கிழங்குதான் சோறு. படிப்பு நின்றது, ரப்பர் பால் வாளியும் உளியும் கைக்கு வந்தன. விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, அப்புறம் மரம் சீவல். 1948இல் கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டத்தால் அவசரகாலம் வந்தபோது, முள்வேலிக்குள் அடைபட்டு அளந்து கொடுத்த அரிசியில் தம்பி தங்கைகளைக் கரையேற்றினார்.

1960இல் நம் ஊர்க்காரரும் அப்போதைய அமைச்சருமான துன் சம்பந்தன், துண்டு துண்டாக விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளிகளே வாங்கட்டும் என்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்துப் பத்து வெள்ளியாக (அன்றைய மலாயா டாலர்) பங்குப் பணம் கட்டியவர்களில் ஆயாம்மாவும் ஒருவர். அன்றைக்குப் பத்து வெள்ளி என்பது பல நாள் கூலி. அந்தப் பங்குச் சீட்டைக் கடைசிவரை டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார்.

பின்னாளில் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான ஆயாக்கொட்டகைக்கு ஆயாவாக வந்தார். விட்டத்தில் வரிசையாகத் துணித் தொட்டில்கள். ஒரு கையில் இரண்டு கயிறு, மடியில் இன்னொரு பிள்ளை. அம்மாமார் மரம் சீவப் போய், ரப்பர் பாலை எடை போட்டுவிட்டு வரும்வரை பாலும் கஞ்சியும் கொடுத்து, மூக்கு துடைத்து, காய்ச்சல் கண்டால் தூக்கிக்கொண்டு தோட்ட மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸரிடம் ஓடியவர் அவர்தான். தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) மாறியதும் கொட்டகையை இடித்துவிட்டார்கள். அவருக்கு அதுதான் தீராத வருத்தம்.

மொத்தச் செலவு 48,600 ரிங்கிட். கையில் வந்தது 31,250. மீதி 17,350. இதில் கூரைக்கு 9,800, மின்சார வேலைக்கு 3,150, கழிவறைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் 4,400.

இதுவரை கொடுத்தவர்களை மறக்க மாட்டோம். மூன்று லோரி மணலைக் காசு வாங்காமல் இறக்கிய தம்பி, தீபாவளிக்கு முறுக்கு சுட்டு விற்று 2,100 ரிங்கிட் கொண்டுவந்த மகளிர், சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டே மாதம் தவறாமல் அனுப்பும் பையன், "என் மகனையும் அவங்க தூக்கியிருக்காங்க" என்று சுவருக்கான சாயம் முழுவதையும் தன் கணக்கில் கொடுத்த சீன முதலாளி (தவுக்கே), ஓய்வூதியத்திலிருந்து ஆயிரம் எடுத்துக் கொடுத்த ஆசிரியர் ஐயா, உண்டியலை உடைத்துச் சில்லறையைக் கொட்டிய பிள்ளைகள் என எல்லாரையும் அம்மன் நன்றாக வைத்திருக்கட்டும்.

சரி, இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்தத் தொட்டிலில் தூங்கியவர்கள் இன்று கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் நல்ல நிலையில் இருக்கிறீர்கள். வருஷா வருஷம் தீமிதிக்கு வருகிறீர்கள், அன்னதானத்தில் சாப்பிட்டுப் போகிறீர்கள். ஆனால் இந்த நன்கொடைப் பட்டியலில் உங்களில் பலர் பெயர் இல்லை. லயத்திலேயே கிடக்கும் பாட்டிகள் ஐந்தும் பத்துமாகக் கொடுத்திருக்கிறார்கள். இதைப் பார்த்துவிட்டு உங்களால் சும்மா இருக்க முடியுமா? பெரிய தொகை கேட்கவில்லை. ஆளுக்கு 100 ரிங்கிட் என்று 174 பேர் கொடுத்தால் போதும், கூடம் முடிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் கோயில் அலுவலகத்தில் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வங்கியில் போடுபவர்களுக்குக் கணக்கு எண் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. வரவு செலவையும் மாதந்தோறும் அங்கேயே ஒட்டுகிறோம். பணம் முடியாதவர்கள் ஞாயிறு காலை கல் சுமக்க வாருங்கள், பசியாறல் உண்டு.

இப்படிக்கு,
கட்டடக் குழுவினர்