637 ஓட்டு

அன்புள்ள குட்டிம்மா,

நேற்று போனில், "அந்தத் தீவுல நான் ஒருத்தி ஓட்டுப் போட்டு என்னம்மா ஆகப்போகுது, வாக்காளர் பட்டியல்ல இருந்து என் பேரை எடுத்துடு, படிக்கிற கார்டிஃப்ல மட்டும் இருந்தா போதும்" என்றாய். டியூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் சரி என்று வைத்துவிட்டேன். ஆனால் மனசு கேட்கவில்லை.

2024 ஜூலை 4 அன்று நம் தீவான அனிஸ் மோன் (ஆங்கிலேசி) தொகுதியில் லினோஸ் மெடி ஜெயித்தது 637 ஓட்டில். அவருடைய வேல்ஸ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரிக்கு 10,590, கன்சர்வேட்டிவுக்கு 9,953. அன்றைக்கு நீ இங்கேயும் போடவில்லை, அங்கேயும் போடவில்லை. உன்னைத் திட்ட இதை எழுதவில்லை. ஆனால் அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது.

நான் இங்கே முதல்முறை ஓட்டுப் போட்டது 2005இல். கையில் இந்திய பாஸ்போர்ட்தான் இருந்தது. காமன்வெல்த் நாட்டவருக்குப் பொதுத் தேர்தலில் வாக்குரிமை உண்டு என்பதையே கூட வேலை பார்த்த நர்ஸ் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்தச் சமயத்தில் வார்டில் ஒரு தாத்தா இருந்தார். வெல்ஷ் பேசினால்தான் அவருக்கு முகம் மலரும். எந்தக் கட்சிக்குப் போடுவீர்கள் என்று விவரம் தெரியாமல் கேட்டுவிட்டேன். அவர் கட்சி எதையும் சொல்லவில்லை. மேகன், கிளெட்வின் என்று சொந்தக்காரர்களைச் சொல்வதுபோல் பெயர்களைச் சொன்னார்.

மேகன் என்றால் மேகன் லாய்ட் ஜார்ஜ், பிரிட்டிஷ் பிரதமராக இருந்த லாய்ட் ஜார்ஜின் மகள். 1929இல் லிபரல் கட்சிக்காக இங்கே ஜெயித்து, வேல்ஸின் முதல் பெண் எம்.பி. ஆனவர். அவரிடம் 1945இலும் 1950இலும் தோற்ற லேபர் கட்சியின் கிளெட்வின் ஹியூஸ், 1951இல் மூன்றாவது முறையாக நின்று 595 ஓட்டில் ஜெயித்தார். அப்புறம் 28 வருஷம் அவர்தான். 1979இல் அவர் விலகிக்கொண்டதும் கன்சர்வேட்டிவ். 1987இல் அந்த எம்.பி.யும் நிற்காதபோது பிளைட் கம்ரியின் யேயன் வின் ஜோன்ஸ். அவர் 2001இல் கார்டிஃப் சட்டமன்றமே போதும் என்று விலக, ஹோலிஹெட்காரரான ஆல்பர்ட் ஓவன் லேபர் சார்பில் வந்தார். கப்பலில் வேலை பார்த்தவர். 2019இல் அவரும் விலக, கன்சர்வேட்டிவின் வர்ஜீனியா கிராஸ்பி வந்தார்.

கவனித்தாயா? நான்கு கட்சிகளுக்கும் வாய்ப்புக் கொடுத்த ஊர் இது. ஆனால் 1951க்குப் பிறகு, பதவியில் இருந்தவர் மறுபடி நின்று தோற்றது 2024இல்தான். எழுபது வருஷத்துக்கு மேல் அப்படி ஒருவரையும் இவர்கள் வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆளைப் பார்த்து, பழகிப் பார்த்து ஓட்டுப் போடுகிற ஊர் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அந்த வழக்கம் ஏன் உடைந்தது? அரசாங்கத்தின் மேல் இருந்த வெறுப்பு ஒரு காரணம். ஆனால் இங்கே வேலை போன கதையும் சேர்ந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. 2009இல் அலுமினிய ஆலை மூடியது. 2015 கடைசியில் வில்வா அணு உலை நின்றது. புதிய உலை வரும் என்று காத்திருந்தார்கள், ஹிட்டாச்சி 2020இல் கைவிரித்தது. 2023இல் லாங்கெவ்னி கோழி ஆலையில் எழுநூறு பேருக்கு வேலை போனது.

வேலை இல்லாத இடத்தில் பிள்ளைகள் எப்படித் தங்குவார்கள்? 2011இல் 69,800ஆக இருந்த மக்கள்தொகை, 2021இல் 68,900. நான்கில் ஒருவருக்கு மேல் 65 வயதைத் தாண்டியவர்கள். வெல்ஷ் பேசுகிறவர்கள் 2001இல் நூற்றுக்கு 60 பேர், 2021இல் 56 பேர். லாங்கெவ்னி கடைத்தெருவில் இன்னும் அந்த மொழிதான் காதில் விழுகிறது. கடலோரத்தில் விடுமுறை வீடுகள் நிறைந்த பக்கம் போனால் அப்படி இல்லை. உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பள்ளியில் படித்து என்னைவிட நன்றாக வெல்ஷ் பேசுகிறவள் நீ. குறைந்துகொண்டே போகிற அந்தக் கணக்கில் நீயும் ஒருத்தி என்பதுதான் எனக்கு வருத்தம். நீ போனது தப்பில்லை கண்ணு, படிக்கத்தானே போனாய்.

இன்னொன்று. 2024இல் வேல்ஸின் நாற்பது தொகுதிகளை முப்பத்திரண்டாகக் குறைத்தார்கள். ஒரு தொகுதிக்குக் குறைந்தது 69,724 வாக்காளர்கள் வேண்டும் என்று விதி. இங்கே 52 ஆயிரம் பேர்தான். ஆனாலும் தீவு என்பதற்காகச் சட்டத்திலேயே விலக்குக் கொடுத்து நம் தொகுதியைத் தனியாக விட்டுவைத்தார்கள். அப்படியென்றால் கார்டிஃபில் நீ போடுகிற ஓட்டைவிட இங்கே போடுகிற ஓட்டுக்குக் கனம் அதிகம் இல்லையா?

வெளியூரில் படிக்கிறவர்கள் இரண்டு முகவரியிலும் பெயர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பாராளுமன்றத் தேர்தலிலும் வேல்ஸ் சட்டமன்றத் தேர்தலிலும் ஒரே இடத்தில்தான் போட வேண்டும். இங்கே என்றால் தபால் ஓட்டுக்கு எழுதிப் போடு, ரயிலேறி வர வேண்டாம்.

கவுன்சிலிலிருந்து வாக்காளர் படிவம் வந்து மேஜை மேல் கிடக்கிறது. உன் பெயரை இன்னும் அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சொல். சளிக்கு மிளகு ரசம் வைத்துச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா