வகுப்பு நேரத்துக்கு டவுன் பஸ்ஸும், சைக்கிளில் வர நல்ல பாதையும் வேண்டி கோரிக்கை மனு

அனுப்புநர்:
நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் மற்றும் மாணவ மாணவியர்,
கலை அறிவியல் கல்லூரி,
சத்திரப்பட்டி வழி, நத்தம் சாலை,
மதுரை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மதுரை.

பொருள்: கல்லூரி நேரத்துக்கு ஏற்பப் பேருந்து நேரத்தை மாற்றி அமைத்தல், மினி பேருந்து, சைக்கிள் நிறுத்தம், இணைப்புச் சாலை விளக்குகள் ஆகியவை வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்களுடையது சிறிய கல்லூரி. நத்தம் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே சுமார் 3 கி.மீ. தள்ளி இருக்கிறது. சொந்தமாகக் கல்லூரிப் பேருந்து ஓட்ட வசதி இல்லை. அப்படி ஓட்டினாலும் அந்தக் கட்டணத்தை எங்கள் பெற்றோரால் கட்ட முடியாது. பெரும்பாலும் விவசாயக் கூலிகள், கொத்தனார்கள், பூக்கட்டுபவர்கள் வீட்டுப் பிள்ளைகள். டவுன் பஸ்ஸிலும் சைக்கிளிலும் நடந்தும்தான் வருகிறார்கள். பசுமைப் போக்குவரத்து என்று இன்று எல்லோரும் பேசுவதை எங்கள் பிள்ளைகள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் அவர்களும் இப்போது ஒவ்வொருவராக பைக்குக்கு மாறி வருகிறார்கள். ஆசைப்பட்டு மாறுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். பஸ்ஸை நம்பி வர முடியாமல் மாறுகிறவர்களே அதிகம்.

முதல் வகுப்பு காலை 9.30 மணிக்கு. ஊருக்குள் வரும் டவுன் பஸ் எட்டு மணி வாக்கில் வந்துவிட்டுப் போகிறது. அடுத்தது பத்து மணிக்கு மேல். விடிந்ததும் தண்ணீர் பிடித்து, சமைத்து, தம்பி தங்கைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் பெண் பிள்ளைகளால் முதல் பஸ்ஸைப் பிடிக்க முடிவதில்லை. அடுத்ததில் வந்தால் முதல் பாடவேளை போச்சு. இப்படியே போய்ப் போய் பருவத்தின் முடிவில் வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, தேர்வு எழுத அபராதம் கட்டி நிற்கிறார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் இதில் அடக்கம்.

நெடுஞ்சாலையில்தான் நிறைய பஸ் போகிறதே என்று கேட்கலாம். போகிறது. ஆனால் அவை நத்தம் செல்லும் வெளியூர் பேருந்துகள். கல்லூரிக்குச் சாலை பிரியும் எங்கள் விலக்கில் நிற்பதில்லை. நின்றாலும், 2021 முதல் பெண்களுக்குப் பெரும் துணையாக இருக்கும் கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துக்கு மட்டுமே, இவற்றில் செல்லாது. விலக்கில் இறங்கி உள்ளே வர ஷேர் ஆட்டோ ஒரு தடவைக்கு 20 ரூபாய். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் வரும் 1,000 ரூபாயில் பெரும்பகுதி இப்படியே ஆட்டோவுக்குப் போய்விடுகிறது. புத்தகம் வாங்கட்டும் என்று அரசு கொடுக்கிற காசு அது.

பையன்கள் வீட்டில் தவணைக்கு பைக் எடுக்கிறார்கள். ஒருவன் வாங்கினால் மூன்று பேர் ஏறி வருகிறார்கள். தல்லாகுளத்திலிருந்து செட்டிகுளம் வரை 7.3 கி.மீ. மேம்பாலம் 2023-ல் திறந்த பிறகு நத்தம் சாலையில் வண்டிகளின் வேகமே வேறு. திங்கட்கிழமை காலை பெஞ்சில் ஓர் இடம் காலியாக இருந்தால், அந்தப் பிள்ளை வந்து சேரும்வரை எங்களுக்கு மனசு பதறுகிறது.

ஆகவே தங்களிடம் கேட்பது முதலில் இதைத்தான்: புதிய பேருந்துகூட வேண்டாம். இப்போது ஓடும் டவுன் பஸ்ஸின் ஒரு நடையை காலை 9.15-க்குக் கல்லூரி வாசலுக்கு வரும்படியும், இன்னொரு நடையை மாலை 4.15-க்குப் புறப்படும்படியும் மாற்றித் தரப் போக்குவரத்துக் கழக அதிகாரிகளுக்கு அறிவுறுத்த வேண்டும். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும். அப்புறம், புதிய விரிவான மினி பேருந்துத் திட்டம் 2024-ன்படி பேருந்து எட்டாத ஊர்களுக்கு 25 கி.மீ. வரை தடம் தர முடியும். ஊமச்சிகுளத்திலிருந்து எங்கள் கல்லூரி வழியாக உள்கிராமங்களைச் சுற்றி வரும் ஒரு தடத்தைப் பரிசீலிக்க வேண்டும். மதுரைக்கு மின்சாரப் பேருந்துகள் வரும்போது, நகருக்குள் அதனால் விடுபடும் நல்ல நிலையில் உள்ள டீசல் பேருந்துகளில் சிலவற்றை இதுபோன்ற கிராமத் தடங்களுக்குத் திருப்பிவிடவும் வேண்டுகிறோம்.

சைக்கிள் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள் எங்கள் மாணவர்கள் பலருடைய வீட்டில் இன்னும் இருக்கிறது. விலக்கு வரை அதில் வந்து, அங்கிருந்து உள்ளே வரும் டவுன் பஸ்ஸில் ஏறுகிறவர்கள், டீக்கடைக்குப் பின்னால் வேப்பமரத்தில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். கடைக்காரர் நல்ல மனிதர், பார்த்துக்கொள்கிறார். ஆனால் மழையில் நனைந்து செயின் துருப்பிடிக்கிறது, சீட் கிழிகிறது, யாரோ காற்றைப் பிடுங்கிவிடுகிறார்கள். ஒரு தகரக் கொட்டகையும் சைக்கிளைப் பூட்ட இரும்புக் கம்பியும் போதும். உள்ளே வரும் சாலையில் இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம் தலைக்கு மேல் வளைந்து நிற்கிறது. சைக்கிளில் ஒதுங்கினால் முள் கிழிக்கிறது. ஆய்வக வகுப்பு முடிந்து கார்த்திகை, மார்கழி மாதங்களில் பிள்ளைகள் திரும்பும்போது இருட்டிவிடுகிறது. கருவேலத்தை அகற்றி, தெருவிளக்கு போட்டு, ஓரத்தில் வேம்பும் புங்கனும் நட ஊராட்சிக்கு உத்தரவிட வேண்டும். நடும் வேலையையும் தண்ணீர் ஊற்றுவதையும் எங்கள் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் பொறுப்பேற்கத் தயார்.

விலக்கில் சாலையைக் கடக்க எச்சரிக்கைப் பலகையும் வேகத்தடுப்பும் வேண்டும் என்பதைத் தங்கள் தலைமையிலான மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவின் அடுத்த கூட்டத்தில் வைக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

முடிவெடுக்கும் முன், வேலைநாள் ஒன்றில் காலை எட்டரை முதல் ஒன்பதரை வரை சம்பந்தப்பட்ட அலுவலர் ஒருவரை எங்கள் விலக்கில் வந்து நின்று பார்க்கச் சொல்லுங்கள். மாணவர்களும் நாங்களும் உடன் இருந்து விவரம் சொல்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் மற்றும் மாணவ மாணவியர்

இணைப்பு: மாணவர், பெற்றோர் கையெழுத்துப் படிவங்கள்

நகல்: வட்டாரப் போக்குவரத்து அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலர்