காரைக்குடிக்குக் குடிவருவது பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இதைப் போனில் பேசினால் பாதியில் உனக்கு ஆபீஸ் அழைப்பு வரும், நீ வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பாவிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புவேன்.

வீட்டிலிருந்தே வேலை பார்க்கக் கம்பெனியில் ஒத்துக்கொண்டார்கள், இனிமேல் சென்னை எதற்கு, குடும்பத்தோடு காரைக்குடிக்கே வந்துவிடலாம் என்று நீ சொன்னதிலிருந்து அப்பாவுக்கு முகமே மாறிவிட்டது. எனக்கும் சந்தோஷம்தான். பேரப்பிள்ளைகள் கண்ணெதிரே வளர்வதை எந்தப் பாட்டி வேண்டாம் என்பாள்? ஆனால் எங்கள் சந்தோஷத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதே. எங்களுக்கு வயதாகிறது என்பதையும் சேர்க்காதே. அப்பா இன்னும் விடியற்காலையில் காலேஜ் ரோடு முழுக்க நடந்துவிட்டுத்தான் காபி குடிக்கிறார். எங்களைப் பார்த்துக்கொள்ளத்தான் வந்தோம் என்று நினைத்துக்கொண்டு வந்தால், இங்கே உங்களுக்குப் பிடிக்காமல் போகிற ஒவ்வொரு நாளும் எங்கள் மேல் கடனாக ஏறும். அந்தக் கடன் எங்களுக்கு வேண்டாம், தம்பி.

நீ கல்லூரிக்குப் போன பிறகு இந்த ஊரைப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் பார்க்கிறாய். அப்போது பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகள்கூடத் திறந்திருக்கும், வெளிநாட்டில் இருப்பவர்கள் வந்திருப்பார்கள், செக்காலை ரோட்டில் நடக்க இடம் இருக்காது. ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்து பார். நம் தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓர் ஆள் நடமாட்டம் இருக்காது. எனக்கு அந்த அமைதி பிடித்துப்போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. மருமகளுக்குப் பிடிக்குமா என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா?

ஊரும் நீ விட்டுப்போன அளவில் இல்லை. 1928இல் நகராட்சியான ஊர், 2024 ஆகஸ்டில் மாநகராட்சி ஆனது. கோட்டையூர், கண்டனூர், சங்கராபுரம், அரியக்குடி எல்லாம் இப்போது அதற்குள் வருகின்றன. பெயர் மாநகராட்சி, ஆனால் ஒரு குடியிருப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே செம்மண் பொட்டல், தைலமரத் தோப்பு, கண்மாய், ஊருணி என்று கிராமம் அப்படியே இருக்கிறது. சேர்ப்பதாகப் பேச்சு வந்தபோதே, நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறிவிடும் என்று ஊராட்சிகளில் எதிர்த்தார்கள். அவர்கள் பயந்ததில் நியாயம் இருந்தது என்றுதான் நான் சொல்வேன். சரி, அது வேறு பேச்சு. உனக்கு நான் சொல்ல வருவது, ஊர் இப்படிப் பரந்து கிடப்பதால் வண்டி இல்லாதவர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டியதுதான்.

நான் உறையூரில் பிறந்து வளர்ந்தவள். அங்கே வாசலில் இறங்கினால் பஸ், திரும்பினால் கடை. கல்யாணமாகி இங்கே வந்த புதிதில், சாயங்காலம் ஒரு முழம் பூ வாங்க வேண்டும் என்றாலும் அப்பா வேலை பார்த்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரியிலிருந்து அவர் வரும்வரை காத்திருப்பேன். யாரும் என்னைப் போகாதே என்று தடுக்கவில்லை. உன் ஆச்சி தங்கமான மனுஷி. ஆனால் கடைக்கும் வீட்டுக்கும் நடுவே இரண்டு கிலோமீட்டர் வெயில் இருந்தது, டவுன் பஸ் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பள்ளிக்கூட வேலை கிடைத்து, அதற்காக டிவிஎஸ் 50 ஓட்டக் கற்றுக்கொண்ட பிறகுதான் இது என் ஊரானது. முதன்முதலாக நானே வண்டியை எடுத்துக்கொண்டு கொப்புடையம்மன் கோயில் வரை போய், கல்லுக்கட்டியில் காய் வாங்கி, முன்னால் பையை மாட்டிக்கொண்டு வந்தேன். உன்னையும் உன் அக்காவையும் வளர்த்ததெல்லாம் அந்த வண்டியில்தான்.

நீ கணினி முன்னால் உட்கார்ந்தால் உனக்கு வேளச்சேரியும் ஒன்றுதான், காரைக்குடியும் ஒன்றுதான். உன் வேலை உன்னோடு வருகிறது. மருமகளின் வேலை வராது. துறைமுகத்தை நம்பிய சரக்கு அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவளுக்கு, கடலே இல்லாத இந்த ஊரில் அதே வேலையும் அதே சம்பளமும் எங்கே கிடைக்கும்? இங்கே கல்லூரிகள் இருக்கின்றன, அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது, ஜவுளிக் கடை, நகைக் கடை, ஆடிட்டர் அலுவலகம் எல்லாம் இருக்கின்றன. கணக்குத் தெரிந்தவளுக்கு வேலையே கிடைக்காது என்று சொல்லமாட்டேன். ஆனால் பத்து வருஷம் உழைத்து ஏறிய படியிலிருந்து இறங்கி வர வேண்டும். அது அவள் எடுக்க வேண்டிய முடிவு. "அவ ஒண்ணும் சொல்லலம்மா, உன் இஷ்டம்னுட்டா" என்று நீ போனில் சொன்னாயே, அதைக் கேட்டதும்தான் எனக்குக் கவலை வந்தது.

உன் வேலை விஷயத்திலும் ஒன்று. வீட்டிலிருந்து பார்க்கலாம் என்று மேலாளர் வாயால் சொன்னதா, கடிதத்தில் இருக்கிறதா? வாரத்தில் மூன்று நாள் ஆபீசுக்கு வா என்று நாளைக்கு மாற்றிச் சொன்னால், நானூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. பல்லவன் ரயில் விடியற்காலையில் இங்கிருந்து புறப்பட்டு மத்தியானம்தான் எழும்பூர் போகிறது. மாதம் ஒருமுறை என்றால் சரி. வாரம் ஒருமுறை என்றால் உடம்பு தாங்காது.

ஆஸ்பத்திரி பற்றி நீ கேட்கவே இல்லை. அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது, தனியாரும் நிறைய வந்துவிட்டார்கள். காய்ச்சல், பிரசவம், எலும்பு முறிவுக்கெல்லாம் பயமில்லை. பெரிதாக ஏதாவது வந்தால்தான் மதுரைக்கோ திருச்சிக்கோ ஓட வேண்டும். இரண்டுமே தொண்ணூறு கிலோமீட்டர் சுமார். மருத்துவக் கல்லூரி என்றால் புதுக்கோட்டையிலும் சிவகங்கையிலும் இருக்கிறது, இங்கே இல்லை. போன வருஷம் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு ராத்திரியில் வாய் கோணிக் கை விழுந்துவிட்டது. பக்கவாதத்துக்கு நாலரை மணி நேரத்துக்குள் ஊசி போட வேண்டும் என்பார்கள். கார் தேடி, மகனுக்குப் போன் போட்டு, எங்கே கொண்டுபோவது என்று பேசி முடிக்கவே ஒரு மணி நேரம் போய்விட்டது. மதுரைக்கு நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தார்கள், இப்போது கைத்தடியோடு நடக்கிறார். இங்கே இருப்பதென்றால் இரவிலும் கூப்பிட ஒரு கார் டிரைவர், போக வேண்டிய ஆஸ்பத்திரி, அதன் நம்பர் எல்லாம் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும். நானும் அப்பாவும் வைத்திருக்கிறோம்.

இவ்வளவையும் படித்துவிட்டு, அம்மாவுக்கு நாம் வருவதில் விருப்பமில்லை போல என்று நினைத்துவிடாதே. இந்த ஊரின் அருமை எனக்குத் தெரியும். சம்பை ஊற்றுத் தண்ணீர் குடித்துப் பழகின நாக்குக்கு வேறெந்தத் தண்ணீரும் பிடிப்பதில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் இந்த வறண்ட சீமைக்குச் சிக்ரி வந்தது, 1948இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அதனால்தான் உன் அப்பாவுக்கு வேலை, நம் வீட்டுக்குச் சோறு. பங்குனி வந்தால் கம்பன் திருநாள், 1939இலிருந்து நடக்கிறது. நீ சின்னப் பிள்ளையில் என் மடியில் தூங்கிக்கொண்டே எத்தனை பட்டிமன்றம் கேட்டிருப்பாய்! மீனாட்சிபுரத்து முத்துமாரிக்குப் பால்குடம் போகும் நாளில் தெருவே மஞ்சளாக இருக்கும். சென்னையில் நீ வருஷக்கணக்காகக் குடியிருக்கிற மாடியில் எதிர் வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால் உனக்குத் தெரியவில்லை. இங்கே என் குரல் இரண்டு நாள் கேட்காவிட்டால் மூன்று வீட்டிலிருந்து வந்து கதவைத் தட்டுவார்கள்.

அதே மூன்று வீடும் மருமகள் எத்தனை மணிக்கு எழுந்தாள், என்ன உடுத்தினாள் என்றும் பார்க்கும். அதையும் சொல்லிவிடுகிறேன். நான் அவள் பக்கம் நிற்பேன், அதில் உனக்குச் சந்தேகம் வேண்டாம்.

பெரியவள் இப்போது ஒன்பதாவது. பத்தாம் வகுப்பை முடிக்கும் முன் பள்ளியை மாற்றாதே, முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் சொல்கிறேன். சின்னவன் மூன்றாவதுதான், அவன் எங்கே விட்டாலும் ஒட்டிக்கொள்வான். சிக்ரி வளாகத்தில் கேந்திரிய வித்யாலயா இருக்கிறது, ஆனால் மத்திய அரசு ஊழியர் பிள்ளைகளுக்குத்தான் முதலிடம், அதை நம்பித் திட்டம் போடாதே. மற்ற பள்ளிகளை நானே போய் விசாரித்து வைக்கிறேன்.

அப்புறம் மனை விஷயம். தரகர் உனக்குப் படம் அனுப்பினார் என்றாயே, அதற்கு முன்பணம் கொடுத்துவிடாதே. மினி டைடல் பூங்கா வருகிறது, மாநகராட்சி ஆகிவிட்டது என்று சொல்லிச் சொல்லியே விலையை ஏற்றி வைத்திருக்கிறார்கள். இந்தச் சீமையில் மழைத் தண்ணீர் ஓர் ஊருணியிலிருந்து அடுத்ததற்கு ஓடத்தான் அந்தக் காலத்தில் வரத்துக்கால் வெட்டினார்கள். கோடையில் பார்த்தால் காய்ந்த பள்ளமாக, நல்ல சமதள மனையாகத் தெரியும். ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் தன் வழியைத் தேடி வந்து நிற்கும். பட்டா, வில்லங்கச் சான்றோடு புல வரைபடத்தையும் வாங்கிப் பார்க்க வேண்டும். அப்பாவைக் கூட்டிக்கொண்டு, மழைக்காலத்தில் நேரில் போய்ப் பார்க்காமல் எந்த மனைக்கும் கையெழுத்துப் போடாதே.

என் யோசனை இதுதான். சென்னை ஃபிளாட்டை விற்காதே. பெரியவள் பத்தாவது முடிக்கட்டும். அதற்குள் வருகிற மே மாதம் நாலு பேரும் வந்து, நீ லீவு போடாமல், இங்கிருந்தே வேலை பார். கத்திரி வெயில், மின்வெட்டு, உன் இன்டர்நெட் எல்லாம் எப்படி என்று தெரிந்துவிடும். நம் வீட்டில் தங்க வேண்டாம். அடுத்த தெருவில் ஒரு மாடி காலியாக இருக்கிறது, அங்கே தனியாகச் சமைத்துத் தனியாக இருங்கள். நம் வீட்டில் இருந்தால் நான் எல்லாவற்றையும் செய்துவிடுவேன், உங்களுக்கு ஊர் எப்படி என்றே தெரியாது. மருமகளுக்கு ஸ்கூட்டி ஓட்டத் தெரியுமா? தெரியாவிட்டால் வருவதற்குள் கற்றுக்கொள்ளட்டும். என் வண்டி சும்மாதான் நிற்கிறது, அவளுக்கே கொடுத்துவிடுகிறேன். அந்த மாதம் முடிந்த பிறகு வேண்டாம் என்று அவள் சொன்னால், அதற்கு மேல் நீ அவளை வற்புறுத்தக் கூடாது. நாங்கள் வழக்கம்போலப் பொங்கலுக்குப் பார்த்துக்கொள்கிறோம்.

மாடி வீட்டுக்காரர் ஏப்ரல் முதல் வாரத்துக்குள் பதில் கேட்கிறார். அதற்கு முன்னால் மருமகளை எனக்கு ஒரு போன் பண்ணச் சொல். நீ ஆபீஸ் வேலையில் இருக்கிற நேரமாகப் பார்த்துப் பண்ணச் சொல்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

அன்புடன்,
அம்மா