காசு கொடுத்தவர்களையும் தேட விடுங்கள்

வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்தின் அரிய நூல் பிரிவினருக்கு,

வணக்கம். உங்கள் நூலகத்தில் வேலை பார்த்த டேனியல் மர்ரே சேர்த்துவைத்த அமெரிக்கக் கறுப்பின மக்களின் சிறுநூல்களை உலகத்தில் யாரும் காசில்லாமல் படிக்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறீர்கள். நன்றி. கூடவே ஒரு கோரிக்கை: அவற்றை அச்சடிக்கவும் பரப்பவும் காசு கொடுத்தவர்களை வைத்தும் தேட வழி செய்யுங்கள்.

ஆசிரியர், தலைப்பு, ஆண்டு தெரிந்தால் எதையும் எடுத்துவிடலாம். ஆனால் சிறுநூல் என்பது ஆசிரியர் மட்டுமே உண்டாக்கும் பொருள் இல்லையே. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நடந்த கும்பல் கொலைகள் பற்றி கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ்-பார்னெட் 1899இல் வெளியிட்டதைப் பாருங்கள். சாம் ஹோஸ் என்ற கறுப்பினத் தொழிலாளி உயிரோடு எரிக்கப்பட்டதை விசாரிக்க சிகாகோ கறுப்பின மக்கள் ஒரு துப்பறிவாளரை அனுப்பினார்கள். அவர் கொடுத்த அறிக்கையும் அந்த நூலில் இருக்கிறது. அதைப் பரப்பியவர்களும் அவர்களே என்று அதிலேயே அச்சாகியிருக்கிறது. ஜார்ஜியாப் பத்திரிகைகள் பல கொலைகாரர்களுக்குச் சாதகமாக எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் சாதாரண ஜனங்கள் செய்த காரியம் இது!

1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் கறுப்பினத்தவர் ஒதுக்கப்பட்டதைக் கண்டித்து வெல்ஸும் அடிமை ஒழிப்புத் தலைவர் ஃபிரெடரிக் டக்ளஸும் மற்றவர்களும் கொண்டுவந்த நூலும் மக்கள் நன்கொடையில் அச்சானதுதான். அப்போது தபால் செலவுக்கு 3 சென்ட் அனுப்பினால் ஒரு பிரதி கிடைத்தது. வெளிநாட்டுப் பார்வையாளர்களுக்காக முன்னுரையை பிரெஞ்சிலும் ஜெர்மனிலும்கூடப் போட்டிருந்தார்கள்.

இந்த மாதிரி விவரமெல்லாம் நூலுக்குள் உள்ள சொற்களைத் தேடினால் ஓரளவு அகப்படும், சரி. ஆனால் என்ன தேடுவது என்று முன்பே தெரிந்தவருக்குத்தான் அது உதவும். அச்சகம், பணம் கொடுத்தவர்கள், விநியோகித்த சங்கம் அல்லது தேவாலயம், விலை, முகவரி ஆகியவற்றுக்கு அட்டவணையில் தனித்தனி இடம் கொடுங்கள்.

ஆள் பற்றாக்குறை என்பீர்கள். மர்ரே உங்கள் ஊழியராகத்தானே இருந்தார்? 1871இல் வேலைக்குச் சேர்ந்தவர், 1900 பாரிஸ் கண்காட்சிக்காக 270 தலைப்புகள் கொண்ட பட்டியலை அச்சடித்து, விடுபட்டதைச் சொல்லுங்கள் என்று பொதுமக்களிடமே கேட்டார். 1925இல் இறந்தபோது 1,448 நூல்களையும் சிறுநூல்களையும் உங்களுக்கே விட்டுப்போனார். நீங்களும் அப்படிக் கேட்கலாம். இப்படிச் சிறுநூல்களை விநியோகித்த தேவாலயங்களில் பல இன்றும் இயங்குகின்றன. பழைய கணக்குப் புத்தகமோ உறுப்பினர் பட்டியலோ வைத்திருப்பவர்கள் தகவல் தருவார்கள்.

முதலில் வெல்ஸின் நூல்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையையும் கடைசிப் பக்கத்தையும் முழுசாகத் தட்டச்சு செய்து ஏற்றினாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

இப்படிக்கு,
தமிழ் வாசகர் ஒருவர்