ஒரு நாள் தள்ளி ஓட்டிப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டு வந்த பணத்தை, புரோகிராம் சொல்கிறபடி பங்கு வாங்கி விற்கும் ஆல்கோ டிரேடிங்கில் போடும் பையன்கள் எங்கள் தெருவிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். விலை சராசரியை விட்டு விலகினால் திரும்பி வந்தே தீரும் என்று சொல்லி, டெலிகிராமில் யாரோ விற்கிற, எப்போது வாங்கலாம் விற்கலாம் என்று காட்டும் இண்டிகேட்டரைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அது பைத்தான் என்ற கணினி மொழியில் நாலு வரிதான். 20 நாள் முடிவு விலையின் சராசரியை இன்றைய விலையிலிருந்து கழித்து, அதே 20 நாளின் திட்ட விலக்கத்தால், அதாவது விலை சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகும் என்ற அளவால், வகுக்க வேண்டும். வரும் எண் மைனஸ் 2-க்குக் கீழே போனால் வாங்கு, பூஜ்யத்துக்கு வந்தால் விற்றுவிடு.

நானும் எழுதினேன். பழைய விலைகளில் ஓட்டியபோது லாபம் ஏறிக்கொண்டே போனது, இரண்டு நாள் தூக்கமே வரவில்லை. அப்புறம்தான் தப்பு கண்ணில் பட்டது: மாலை 3.30-க்குச் சந்தை முடிந்த பிறகு தெரிகிற விலையை வைத்துக் கணக்குப் போட்டு, அன்று காலை 9.15 விலைக்கே வாங்கியதாக என் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தது. ஷிஃப்ட் என்று ஒரு சொல்லைச் சேர்த்து வாங்கு, விற்றுவிடு என்கிற சிக்னலை ஒரு நாள் தள்ளினேன், தரகும் வரியும் கழித்தேன். நஷ்டம்.

சரி, தப்பில்லாமல் எழுதினால் போதுமா என்றால் அதுவும் இல்லை. 2020 பிப்ரவரி 28-ல், 50 பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீடான நிஃப்டி 11,201. எண் மைனஸ் 2-க்கு நன்றாகக் கீழே, அதாவது வாங்கு. மார்ச் 23-ல் 7,610. ஏப்ரலில் எண் பூஜ்யத்துக்கு வந்தபோதும் நிஃப்டி சுமார் 9,000-தான், ஏனென்றால் விலை மேலே ஏறியதைவிட சராசரி கீழே இறங்கியதுதான் அதிகம். ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கும் என்று குறுவைக்குக் காத்திருந்து, 2024-ல் ஜூலை 28-ல் தண்ணீர் பார்த்த நமக்கு இது புரியாததா? இவ்வளவு நஷ்டம் ஆனால் விற்று வெளியே வா என்று சொல்லும் ஸ்டாப் லாஸ் வரி இல்லாத இண்டிகேட்டரை யார் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ என்கிற முன்பேர வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாகப் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே சொல்லியிருக்கிறது. உங்கள் வணிகப் பக்கத்தில் எந்தப் பங்கை வாங்கலாம் என்று வாராவாரம் வருகிறது. ஒரு வாரமாவது அந்த இடத்தில், இந்த மாதிரி புரோகிராமை எப்படிச் சோதிப்பது என்று தமிழில் போடுங்கள். வேண்டுமானால் என்னுடையதை, அந்தத் தப்பு வரியோடு சேர்த்தே, அனுப்புகிறேன்.

வாசகர், மன்னார்குடி