அகழாய்வுப் பதிவு முடியாமல் பொக்லைனை இறக்காதீர்கள்

வீட்டுமனைத் திட்டங்களுக்கு அனுமதி வழங்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்ற வாரம் நடந்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும். வீட்டுமனைக்கான இடத்தில் எங்கள் தொல்லியல் அகழ்வுக்குழிகள் பாதி தோண்டிய நிலையில் கிடக்க, நாங்கள் இல்லாத விடுமுறை நாள் பார்த்து பொக்லைன் உள்ளே வந்தது. மறுநாள் போய்ப் பார்த்தால் சமன் செய்த தரை. “மண்ணைத்தானே அள்ளினோம், பானை எதையும் உடைக்கவில்லையே” என்றார் கட்டுமானப் பொறுப்பாளர். அவர் பொய் சொல்லவில்லை. அங்கே பானை இல்லை. இருந்தது கறை.

மரக்கம்பம் மட்கிப்போனாலும் அது நின்ற குழி மண்ணில் நிறம் மாறித் தெரியும்: வட்டமாக, கொஞ்சம் கருமையாக. வெயில் ஏறினால் காய்ந்து மங்கிவிடும். தண்ணீர் தெளித்துக் கொத்துக்கரண்டியால் சுரண்டினால் மறுபடி தலைகாட்டும். அதன் ஓரத்தை மண்ணில் கீறி, ஒரு எண் கொடுத்து, முதலில் பாதியை மட்டும் தோண்டுவோம். நிற்கும் பாதியின் வெட்டுமுகத்தை 1:10 அளவில் வரைந்து, அளவுகோல் வைத்துப் படமெடுத்து, மட்டம் பார்த்த பிறகுதான் மறுபாதியில் கை வைப்போம். உள்ளிருந்த மண்ணைத் தண்ணீரில் கரைத்தால் சில சமயம் கருகிய தானியம் மிதந்து வரும். காலம் கணிக்க கார்பன் 14 சோதனைக்கு அதை அனுப்பலாம். இப்படிப் பல கறைகள் ஒரு வரிசையில் அமைந்தால்தான் அங்கே ஒரு வீடு இருந்தது என்று சொல்லவே முடியும். ஆக, வீடு கட்டுகிற அவசரத்தில் ஒரு வீட்டின் தடத்தையே வழித்துப் போட்டிருக்கலாம். இனி அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். பதிவு முடிந்தது என்று அகழாய்வுப் பொறுப்பாளர் எழுதிக் கையெழுத்திடும் வரை இயந்திரம் இறங்கக் கூடாது.

இயந்திரத்தோடு எங்களுக்குப் பகை இல்லை. மேல்மண்ணை வழிக்க நாங்களும் அதைத்தான் அழைக்கிறோம். பல் இல்லாத அகல வாளியை மாட்டி, எங்களில் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க, மெல்லிய படலம் படலமாக எடுப்போம். சோதனைக்குழிகளில் ஒன்றுமில்லை என்றால் இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம்.

அள்ளிய குவியலைச் சலித்துப் பாருங்களேன் என்று ஒருவர் யோசனை சொன்னார். சலிக்கலாம், பானை ஓடுகள் வரும். எந்த அடுக்கிலிருந்து வந்தோம் என்று அவை சொல்லுமா? எதன் மேல் எது படிந்தது, எதை எது வெட்டியது என்ற வரிசைதான் எங்கள் வேலைக்கு உயிர். 1973-இல் தொல்லியலாளர் எட்வர்ட் ஹாரிஸ் அந்த வரிசையைக் கட்டங்களும் கோடுகளுமாகக் குறிக்க ஒரு முறையை வகுத்தார். எங்கள் வரிசைப்படத்தில் இப்போது நடுவே ஒரு பெரிய ஓட்டை.

இது புதிதாக நாங்கள் கிளப்பும் வம்பும் அல்ல. 1989-இல் லண்டனில் அலுவலகம் கட்டத் தோண்டிய இடத்தில் ஷேக்ஸ்பியர் காலத்து ரோஸ் நாடக அரங்கின் அடித்தளம் வெளிப்பட்டுப் பெரிய போராட்டமே நடந்தது. கட்டட அனுமதி தரும் முன்பே தொல்லியலைக் கணக்கில் எடுக்கச் சொல்லும் வழிகாட்டுதல் மறு ஆண்டே இங்கிலாந்தில் வந்தது. தொல்லியல் பாதுகாப்புக்காக ஐரோப்பிய நாடுகள் செய்துகொண்ட 1992-இன் வாலெட்டா உடன்படிக்கை அதற்கான செலவையும் திட்டத்திலேயே சேர்க்கச் சொல்கிறது.

முழுப் பானை ஒன்று கிடைத்தால் போதும், கூட நின்று படமெடுக்க எத்தனை பேர் வருகிறீர்கள்! கறைக்கு யாரும் வருவதில்லை. நாளை அந்தக் குடியிருப்புக்குப் ‘பழம்பெருமை’ என்று பெயர் வைத்து நாடாவும் வெட்டுவீர்கள். பெருமை லாரியில் ஏறிப் போயிருக்கும்.

சரி, மன்னிக்கவும். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். இயந்திரம் தொடாத பகுதி இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பதிவு முடிந்ததாக எழுத்தில் வரும் வரை அங்கே அஸ்திவார வேலை கூடாது என்று இந்த வாரமே உத்தரவிடுங்கள். அடுத்து நீங்கள் தரும் ஒவ்வொரு அனுமதிக் கடிதத்திலும் அந்த ஒரு வரியைத் தயவுசெய்து சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அகழாய்வுக் களத்தின் பதிவாளர்களில் ஒருவர்